மடிப்புத் திரைக்கு மேலுறை: பசையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மடிப்புத் திரைக்கு மேலுறை, அதாவது திரையின் மேல் அமையும் ஒளிபுகும் பாதுகாப்பு அடுக்கு, வடிவமைக்க முனைவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே கடினமான பொருள் எது?" என்பதுதான். இந்தக் கேள்வி தட்டைத் திரைகளிலிருந்து வந்த பழக்கம். மடியும் திரையில் அது நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

நாம் கேட்பவற்றைக் கொஞ்சம் அடுக்கிப் பாருங்கள். மேற்பரப்பில் கீறல் விழக் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்தில் இரண்டு லட்சம் முறை மடிந்தாலும் விரிசல் வரக் கூடாது. நகத்தால் அழுத்தினால் குழி விழக் கூடாது. இரவு முழுவதும் மடித்தே வைத்திருந்தாலும் காலையில் விரித்ததும் சமமாக வேண்டும். இவ்வளவும் செய்துகொண்டு, கண்ணுக்கே தெரியாமலும் இருக்க வேண்டும். எந்தத் தனிப் பொருளும் இவை அனைத்தையும் தராது. அடுக்குதான் தரும். அந்த அடுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, பலரும் கடைசியில் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஒளியியல் பசை, அதாவது படலங்களை ஒட்டும் ஒளிபுகும் பசை. ஆகவே இந்த வழிகாட்டியில் பசை முன்னால் வருகிறது; கடினத்தன்மை வெகுநேரம் கழித்தே வருகிறது.

மேல்நிலைப் பள்ளி இயற்பியல் தெரிந்திருந்தால் கணக்குகள் எல்லாம் எளிதாகப் புரியும். கணக்குகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொன்றையும் உங்கள் அளவுகளை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

படி 1: மடிப்பின் பக்கத்தையும் வடிவத்தையும் முடிவு செய்யுங்கள்

திரை உள்பக்கமாக மடிகிறதா, வெளிப்பக்கமாக மடிகிறதா? உள்மடிப்பில் பயனர் விரல் படும் மேற்பரப்பு அமுக்கப்படுகிறது. அதே படலத்தின் அடிப்பரப்பு, அதாவது பசையோடு ஒட்டியிருக்கும் பக்கம், இழுபடுகிறது. வெளிமடிப்பில் இது தலைகீழாகிவிடும். விரிசல் எப்போதும் இழுபடும் பக்கத்தையே தேடிப் போகும் என்பதால் இந்த வேறுபாடு மிகப் பெரியது. வெளிமடிப்பில், சாவியும் மணலும் உரசுகிற அதே பரப்புதான் உச்ச இழுவிசையையும் தாங்கியாக வேண்டும். 2019-இல் வெளிவந்த ஹுவாவே மேட் எக்ஸ் வெளிமடிப்பு வகை; அதன் மேலுறை பாலிமர். மெல்லிய கண்ணாடியை மேலே வைத்து வெளிப்பக்கம் மடிப்பது இன்றும் கடினமான வேலை. முதல் முயற்சி என்றால் உள்மடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வடிவம். யு வடிவ மடிப்பில் இரு பாதிகளும் இணையாக நின்று, நடுவில் ஒரே ஒரு வளைவு இருக்கும். நீர்த்துளி வடிவத்தில் திரை கீலுக்குள் உப்பி, ஆரம் பெரிதாகிறது. மடிப்புத் தடம் (விரித்த பின்னும் தெரியும் கோடு) மெலிவதற்கு இது பெரிதும் உதவும். ஆனால் துளியின் தோள்களில், அதாவது உப்பிய பகுதி தட்டைப் பகுதியோடு சேரும் இரண்டு இடங்களிலும், திரை எதிர்த்திசையில் வளைகிறது. உள்மடிப்பு என்று நம்பி, மேற்பரப்பில் இழுவிசையே வராது என நினைத்து வடிவமைத்தால் இந்தத் தோள்களில் மேற்பரப்பின் கடினப் பூச்சில் விரிசல் விழும். கீல் வடிவமைப்பவரிடமிருந்து ஆரம் என்று ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மடிப்பு முழுவதற்குமான வளைவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இத்துடன் இயங்கும் வெப்பநிலை வரம்பையும், திரை தொடர்ந்து மடிந்தே இருக்கக்கூடிய மிக நீண்ட நேரத்தையும், மேலுறைக்குக் கிடைக்கும் மொத்தத் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: திரிபைக் கணக்கிடுங்கள்

தனியாக வளையும் ஒரு படலத்தின் மேற்பரப்பில் ஏற்படும் திரிபு:

திரிபு = தடிமன் ÷ (2 × வளைவு ஆரம்)

50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள ஒரு பாலிமர் படலத்தை 1.5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் திரிபு சுமார் 1.7 சதவீதம். பெட் (PET, பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) படலமும் பாலிஇமைடு (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) படலமும் ஏறக்குறைய 2 சதவீதத் திரிபு வரைதான் மீட்சியோடு நடந்துகொள்ளும். அதைத் தாண்டினால் உருமாற்றம் நிலைத்துவிடும். ஆக, 50 மைக்ரான் படலம் ஏற்கெனவே எல்லைக்கு அருகில் நிற்கிறது. வெப்பமும் நீண்ட நேர மடிப்பும் சேரும்போது இந்த எல்லை இன்னும் கீழிறங்கும் என்பதால், பாலிமர் படலங்களை ஒரு சதவீதத்தை ஒட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

30 மைக்ரான் கண்ணாடிக்கு அதே ஆரத்தில் திரிபு 1 சதவீதம். கண்ணாடியின் யங் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல். பெருக்கினால் 700 மெகாபாஸ்கல் தகைவு. நடைமுறையில் இன்னும் கூடும். இரண்டு இணைத் தட்டுகளுக்கு நடுவே தானாக வளையும் படலம் சரியான அரைவட்டமாக நிற்பதில்லை. உச்சியில் வளைவு கூர்மையாகிறது. அந்த உச்சிக்கான பெருக்கம் 1.198. தட்டுகளின் இடைவெளி 3 மி.மீ. என்றால் 30 மைக்ரான் கண்ணாடியின் உச்சித் தகைவு சுமார் 850 மெகாபாஸ்கல் வரும். இந்த எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். படி 4-இல் வேண்டும்.

இனி ஒட்டுமொத்த அடுக்கையும் பாருங்கள். மேற்படலம், கண்ணாடி, தளவிளைவுப் படலம் (ஒளியின் அதிர்வை ஒரே தளத்துக்குள் கொண்டுவரும் படலம்), ஓஎல்இடி (படத்தைக் காட்டும் ஒளிரும் அடுக்கு), அடித்தாங்கி எல்லாம் சேர்ந்து 200 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை விறைப்பான பசையால் ஒட்டினால் அடுக்கு முழுவதும் ஒரே தகடாக வளையும். உட்பக்க ஆரம் 1.5 மி.மீ. இருக்கும்போது வெளி அடுக்குகளின் திரிபு 6 சதவீதத்தைத் தாண்டும். இதைத் தாங்கும் கண்ணாடியும் இல்லை, மின்கம்பியும் இல்லை.

படி 3: பசையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு தடித்த புத்தகத்தை வளைக்கும்போது தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால்தான் எந்தத் தாளும் கிழிவதில்லை. மடிப்புத் திரையின் பசை செய்வதும் இதே வேலை. பசை போதிய அளவு மென்மையாக இருந்தால், ஒவ்வொரு படலமும் தனக்கென ஒரு நடுநிலைத் தளத்தை (நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் தளத்தை) வைத்துக்கொண்டு தனித்தனியே வளையும். அப்போது படி 2-இன் முதல் சூத்திரம் ஒவ்வொரு படலத்துக்கும் தனித்தனியே பொருந்தும். ஆறு சதவீதம் ஒன்றரைச் சதவீதமாக இறங்கும். மேலுறை வடிவமைப்பில் இதைவிடப் பெரிய ஆதாயம் வேறு எந்தத் தேர்விலும் இல்லை.

அந்த வழுக்கலின் விலையைப் பசைதான் கொடுக்கிறது. அதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. 50 மைக்ரான் தடிமனுள்ள இரண்டு படலங்கள், நடுவில் 50 மைக்ரான் பசை. படலங்களின் நடுத்தளங்களுக்கு இடையே தூரம் 100 மைக்ரான். திரை 180 பாகை மடியும்போது, மடிப்பின் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 90 பாகை திரும்புகிறது. அதனால் ஒரு பக்கத்தில் படலங்கள் ஒன்றையொன்று கடக்கும் தூரம் பை-யின் பாதி பெருக்கல் 100 மைக்ரான், அதாவது சுமார் 157 மைக்ரான். இதை 50 மைக்ரான் பசை தாங்க வேண்டும். பசையின் சறுக்குத் திரிபு 300 சதவீதத்துக்கும் மேல்! பசையை 25 மைக்ரானாகக் குறைத்தால் இது 470 சதவீதமாக உயரும். 100 மைக்ரானாகக் கூட்டினால் 240 சதவீதத்துக்குக் குறையும். பசை முழுதும் தடையின்றி வழுக்கும் என்று கொண்ட உச்சக் கணக்கு இது. உண்மையில் படலங்கள் சற்று நீண்டும் சுருங்கியும் கொடுப்பதால் மதிப்பு குறையும். ஆனாலும், பசைத் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் 20 சதவீதத் திரிபு வரைக்குமான அளவீடுகளே இருக்கிறதென்றால், அந்தத் தாள் உங்களுக்குப் பயன்படாது. சில நூறு சதவீதத் திரிபில் எடுத்த அளவீடுகளைக் கேளுங்கள்.

பசையில் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, அறை வெப்பநிலையில் சறுக்குக் குணகம் சில பத்துக் கிலோபாஸ்கல் அளவில் இருக்க வேண்டும். தட்டைத் திரைகளுக்கான பசைகள் இதைவிட விறைப்பானவை. இரண்டாவது, குளிர். மைனஸ் 20 பாகை செல்சியஸில் திரையைச் சட்டென்று திறக்கும்போது பசை விறைத்துக்கொண்டால், அந்த நொடியில் அடுக்குகள் ஒரே தகடாகிவிடும். ஆகவே பசையின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் கீழே பசை கண்ணாடிபோல் விறைக்குமோ அது, இயங்கும் வரம்பின் அடிமட்டத்தைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். வேகமாக இழுக்கும்போது பசை மேலும் விறைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ளுங்கள். மெதுவாக மடித்துப் பார்த்து எடுத்த குளிர்ச் சோதனை முடிவு நம்மை ஏமாற்றும்.

மூன்றாவது, மீட்சி. மடிப்புத் தடம் தங்கிவிடுவதற்குப் படலங்களின் நிலைத்த உருமாற்றமும், பசை மெல்ல ஊர்ந்து புதிய வடிவத்துக்குப் பழகிப்போவதுமே முக்கியக் காரணங்கள். பாகியல் அளவியில் (பொருள் எப்படி ஓடுகிறது, உருமாறுகிறது என்று அளக்கும் கருவியில்) பசை மாதிரியை வைத்து, 60 பாகை செல்சியஸில் நீண்ட நேரம் சறுக்கு விசை கொடுத்து, பிறகு விடுவித்து, எவ்வளவு திரும்பி வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். குறுக்குப் பிணைப்பை, அதாவது பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்புகளை, கூட்டினால் மீட்சி மேம்படும். அளவு மீறினால் ஒட்டும் தன்மை குறைந்து, மடிப்பில் குமிழும் பிரிவும் வரும். பசை வேதியியலில் நேரம் முழுவதும் செலவாவது இந்த இழுபறியில்தான்.

நான்காவது, அழுத்தம். பேனா முனை மேலிருந்து குத்தும்போது, மென்மையான பசைமேல் கிடக்கும் மெல்லிய கண்ணாடி அந்த இடத்தில் குழிந்து வளைகிறது; அதன் அடிப்பரப்பு எல்லாத் திசையிலும் இழுபட்டு உடைகிறது. மடிப்புக்கு நல்லதாகிய மென்மையும் தடிமனும் குத்துக்குக் கெட்டவை. இந்த முரண்பாட்டுக்கு முழுத் தீர்வு கிடையாது, சமரசம்தான் உண்டு. கண்ணாடிக்கு நேர் அடியில் இருக்கும் பசையைச் சற்று மெல்லியதாக்கி, ஓஎல்இடி-க்குக் கீழேயுள்ள அடுக்குகளில் மென்மையைத் தாராளமாக விடுவது நான் விரும்பும் சமரசம். மடிப்புக்கு வெளியே அடியில் விறைப்பான உலோகத் தகடு, மடிப்புப் பகுதியில் அதே தகட்டில் வரிசையாக வெட்டிய துளைகள் என்ற அமைப்பும் இதே நோக்கத்தில் வந்ததே: வளைய வேண்டிய திசையில் வளையும், குத்துக்கு ஓரளவு தாங்கலாக நிற்கும்.

படி 4: பாலிஇமைடா, கண்ணாடியா?

சாதாரண பாலிஇமைடு ஆழ்ந்த மஞ்சள் நிறம். அதன் சங்கிலியில் எலக்ட்ரானைத் தரும் பகுதிகளுக்கும் ஏற்கும் பகுதிகளுக்கும் இடையே நடக்கும் மின்னூட்டப் பரிமாற்றம் நீல ஒளியை விழுங்கிவிடுவதே காரணம். சங்கிலியில் டிரைஃபுளோரோமீத்தைல் போன்ற பருத்த தொகுதிகளையோ, வளையமிட்ட அரோமாட்டிக் அல்லாத அமைப்புகளையோ சேர்த்தால் அந்தப் பரிமாற்றம் தடைபட்டுப் படலம் நிறமற்றதாகிறது. 2019-இல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்டில் இருந்தது இந்த நிறமற்ற பாலிஇமைடுதான். உடையாது, சிதறாது, சுருளாகத் தயாரிக்கலாம். ஆனால் அதன் யங் குணகம் கண்ணாடியுடையதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. நகம் பட்டால் தடம் விழும், மடிப்புத் தடமும் விரைவில் தெரியும். எடை குறைவாகவும் மலிவாகவும், விழுந்தாலும் உடையாததாகவும் வேண்டும் என்றால் இதை எடுங்கள். தொடுவதற்குக் கண்ணாடிபோல இருக்க வேண்டும், தடம் குறைய வேண்டும் என்றால் கண்ணாடிக்குத்தான் போக வேண்டும்.

2020 பிப்ரவரியில் வந்த கேலக்ஸி இசட் ஃபிளிப் 30 மைக்ரான் கண்ணாடியோடு வந்தது. அந்த 30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது படி 2-ஐப் போட்டுப் பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்கும். தடிமன் இரட்டித்தால் தகைவும் இரட்டிக்கும். வளைவை எதிர்க்கும் விறைப்போ எட்டு மடங்காகும்.

இப்போது அந்த 850 மெகாபாஸ்கலுக்கு வருவோம். கண்ணாடியின் வலிமையைத் தீர்மானிப்பது அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பழுதுகள் என்பதை கிரிஃபித் 1921-இலேயே காட்டிவிட்டார். கண்ணாடியின் முறிவுத் தாக்குப்பிடிப்பு (விரிசல் பரவுவதை எதிர்க்கும் திறன்) சுமார் 0.75 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீட்டர். இதையும் 850 மெகாபாஸ்கலையும் வைத்துக் கணக்கிட்டால், 0.2 மைக்ரான் ஆழமுள்ள விரிசல் ஒன்று இருந்தாலே கண்ணாடி உடைந்துவிடும் என்று வருகிறது. 0.2 மைக்ரான்! துணியால் துடைக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் ஒரு துகள் இதைவிட ஆழமாகக் கீறும். உள்மடிப்பில் இழுபடுவது அடிப்பரப்பு என்பதையும் இங்கே நினைவுகூருங்கள். பயனர் ஒருநாளும் தொடாத, தொழிற்சாலையில் கையாளும்போது மட்டுமே வெளியே தெரிகிற அந்தப் பக்கம்தான் கண்ணாடியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. உற்பத்தி வரிசையில் எந்தப் பக்கம் உருளையில் படுகிறது, எந்தப் பக்கம் உறிஞ்சு கிண்ணம் ஒட்டுகிறது என்பதையெல்லாம் மேலுறையை வடிவமைப்பவரே நேரில் நின்று பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இதற்குக் காப்பு, அயனிப் பரிமாற்றம். உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில், சுமார் 400 பாகை செல்சியஸில், கண்ணாடியை மூழ்க வைத்தால் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றின் இடத்தில் அளவில் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கிக்கொண்டு அமர்கின்றன. மேற்பரப்பு அமுக்கத் தகைவுக்கு உள்ளாகிறது. வளைவால் வரும் இழுவிசை முதலில் இந்த அமுக்கத்தை வென்றாக வேண்டும். தட்டைத் திரைக் கண்ணாடியை மணிக்கணக்கில் மூழ்க வைப்பார்கள். 30 மைக்ரானுக்கு நிமிடக் கணக்கே போதும். அதற்குமேல் வைக்கவும் கூடாது. மேற்பரப்பின் அமுக்கத்தை நடுப்பகுதியின் இழுவிசை ஈடுசெய்தாக வேண்டுமல்லவா? தோராயமாக:

அமுக்கத் தகைவு × அடுக்கின் ஆழம் = நடு இழுவிசை × (தடிமன் − 2 × ஆழம்)

30 மைக்ரான் கண்ணாடியில் அமுக்கத் தகைவு 700 மெகாபாஸ்கல், ஆழம் 5 மைக்ரான் என்றால் நடு இழுவிசை 175 மெகாபாஸ்கல். ஆழத்தை 8 மைக்ரானாக்கினால் அது 400 மெகாபாஸ்கலுக்கு எகிறிவிடும். ஏதேனும் ஒரு விரிசல் அந்த நடுப்பகுதியை எட்டினால் கண்ணாடி பொடியாகும். ஆழம் கூடினால் நல்லது என்ற தட்டைக் கண்ணாடி அனுபவம் இங்கே செல்லாது.

விளிம்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சக்கரத்தால் வெட்டிய விளிம்பில் பல மைக்ரான் ஆழமுள்ள விரிசல்கள் இருக்கும். மடிப்புக் கோடு விளிம்பைக் கடக்கும் இரண்டு முனைகளிலும் உடைவு தொடங்குவது வழக்கம். ஆகவே வேலையின் வரிசை மாறக் கூடாது: முதலில் வெட்டு, பிறகு விளிம்பை அமிலத்தால் கரைத்து மழுக்குதல், அதன் பிறகே அயனிப் பரிமாற்றம். பரிமாற்றம் முடிந்த கண்ணாடியை வெட்டினால் புதிய விளிம்புக்கு அமுக்கக் காப்பு இருக்காது. கண்ணாடியைக் கரைக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோல் வழியே ஊடுருவி உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கென அமைந்த ஆலையும் பயிற்சியும் இல்லாமல் யாரும் இதை முயலக் கூடாது; மெலித்த கண்ணாடியை விலைக்கு வாங்குங்கள்.

நீராவியும் ஓர் எதிரி. இழுவிசையில் இருக்கும் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்புகளை நீர் மூலக்கூறுகள் மெல்ல அறுக்கின்றன. முதல் மடிப்பில் உடையாத கண்ணாடி, மடித்தே வைத்திருக்கும்போது சில நாள் கழித்துத் தானாக உடைவது இதனால்தான்.

இன்னொரு வழி, மடிப்புப் பகுதியில் மட்டும் கண்ணாடியை மெலித்து மற்ற இடங்களில் தடிமனாக விடுவது. குத்தைத் தாங்கும் திறன் பெரிதும் கூடும். ஆனால் மெலிந்த பள்ளத்தைக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்கு மிக நெருக்கமான பிசினால் நிரப்ப வேண்டும். எண் சற்று விலகினாலும், சரிவுப் பகுதி ஒரு பட்டைபோலக் கண்ணில் படும். வெப்பநிலை மாறும்போது பிசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடியைவிட அதிகமாக மாறும் என்பதால் அறை வெப்பநிலையில் மட்டும் பார்த்துவிட்டு நிறைவடையாதீர்கள்.

படி 5: கடினப் பூச்சு

பாலிமர் படலம் எதுவானாலும் மேலே சில மைக்ரான் கடினப் பூச்சு தேவை. கரிம நெகிழ்வையும் சிலிக்கா வலையின் கடினத்தையும் ஒரே மூலக்கூறில் சேர்த்த சிலாக்சேன் கலப்புப் பூச்சுகளே இந்த வேலைக்கு ஏற்றவை. தடிமனைக் கூட்டினால் கீறல் தாங்கும், ஆனால் விரிசல் விழும் திரிபு இறங்கும். இறுகும்போது சுருங்குவதால் படலமும் சுருளும்.

பென்சில் கடினத்தன்மை எண்ணை, அதாவது எவ்வளவு கடினமான பென்சில் வரை கீறல் விழாது என்று காட்டும் அளவை, இலக்காக வைக்காதீர்கள். ஒரே பூச்சு கண்ணாடித் தட்டின்மேல் ஓர் எண்ணையும், மென்மையான பசைமேல் கிடக்கும் படலத்தில் அதைவிடப் பல படி தாழ்ந்த எண்ணையும் காட்டும். கீழே இருப்பது அமிழும்போது மேலே இருப்பது பிளக்கிறது. முழு அடுக்கின்மேல் எடுக்காத பென்சில் அளவீட்டால் பயனில்லை. அதற்குப் பதிலாக, விரிசல் தொடங்கும் திரிபை அளந்து வாருங்கள்: பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி படலத்தைப் படிப்படியாகச் சிறுத்துவரும் உருளைகளில் சுற்றி, நுண்ணோக்கியில் முதல் கோடு தெரியும் ஆரத்தைக் குறியுங்கள். அந்தத் திரிபு, நீர்த்துளித் தோளில் வரும் இழுதிரிபைவிட நல்ல இடைவெளியோடு மேலே இருக்க வேண்டும். உச்சியில் பூச்சு அமுக்கப்படுவதால் அங்கே பயம் வேறு: ஒட்டு போதாவிட்டால் பூச்சு மடங்கி எழும்பும்.

படி 6: இழக்கத்தக்க மேற்படலம்

கண்ணாடியை நேரடியாக வெளியே விடுவதைவிட, மேலே கடினப் பூச்சிட்ட பெட் அல்லது பாலியூரித்தேன் படலம் ஒன்றை வைப்பது விவேகம். கண்ணாடி உடைந்தால் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். மணற்துகள் முதலில் இதைத்தான் கீறும். குவார்ட்ஸ் மணல் கண்ணாடியைவிடக் கடினம் என்பதால் எந்தக் கண்ணாடியும் மணலுக்குத் தப்பாது. பாலியூரித்தேன் எடுத்தால் அலிபாட்டிக் ஐசோசயனேட்டில் செய்ததாகப் பாருங்கள்; அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளாகும்.

இந்தப் படலத்தின் ஓரத்தை எங்கே முடிப்பது என்பதும் வடிவமைப்புதான். 2019 ஏப்ரலில் கேலக்ஸி ஃபோல்டைச் சோதித்த சிலர், மேலிருந்த படலத்தைக் கழற்றி எறிய வேண்டிய காப்புத்தாள் என்று கருதி உரித்ததில் திரைகள் பழுதாயின. வெளியீடு தள்ளிப்போனது; செப்டம்பரில் வந்த பதிப்பில் படலத்தின் ஓரம் சட்டகத்துக்கு அடியில் மறைக்கப்பட்டிருந்தது. உரிக்கக் கூடாத படலமென்றால் ஓரம் கைக்கு எட்டக் கூடாது. மாற்றத்தக்கதென்றால், உரிக்கும் விசை கண்ணாடியை வளைத்து உடைக்கும் அளவுக்கு ஏறாத பசையை இடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வடிவமைப்பு பயனரைக் குழப்பிப் பொருளையும் கெடுக்கும்.

படி 7: ஒளியியல்

பெட் படலத்தைத் தயாரிக்கும்போது இரு திசையிலும் இழுப்பதால் அதில் வலுவான இரட்டை விலகல் (ஒளி அதிரும் திசைக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறும் தன்மை) இருக்கும். தளவிளைவுக் குளிர்கண்ணாடி அணிந்து பார்த்தால் வானவில் நிறங்கள் தெரியும். இரட்டை விலகல் மிகக் குறைந்த படலத்தையோ, நிறங்கள் தம்முள் கலந்து வெண்மையாகும் அளவுக்கு மிக உயர்ந்த படலத்தையோ தேர்ந்தெடுங்கள், இடைப்பட்டது வேண்டாம். பாலிஇமைடின் ஒளிவிலகல் எண் 1.65-ஐ எட்டினால் காற்றோடு சேரும் பரப்பில் எதிரொளிப்பு 6 சதவீதம். கண்ணாடிக்கு 4 சதவீதம். பூச்சின் எண்ணை இடையில் அமைத்தால் குறையும். மங்கல் 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மடிப்புச் சோதனைக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் அளக்கவும்.

படி 8: சோதனை

இரண்டு லட்சம் மடிப்பு என்பது நாளுக்கு நூறு முறை வீதம் ஐந்தாண்டுக்கும் மேல். பலரும் இந்த எண்ணைக் கடந்ததும் கொண்டாடுகிறார்கள். என் கருத்தில், இதைவிடக் கடுமையானது அசையாமல் மடித்து வைக்கும் சோதனை: 60 பாகை செல்சியஸ், 90 சதவீத ஈரப்பதம், 240 மணி நேரம். பசையின் ஊர்வு, கண்ணாடியின் நீரரிப்பு, பூச்சின் ஒட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் விசாரிப்பது அதுவே. வெளியே எடுத்தவுடன் மடிப்புத் தடத்தின் ஆழத்தை அளந்து, ஒரு மணி நேரம், ஒரு நாள் கழித்தும் அளக்கவும். பிறகு அதே மாதிரியைக் குளிரில் வேகமாக மடியுங்கள். புது மாதிரியில் தெரியாத பலவீனம் அப்போது தெரியும். இயந்திரச் சோதனை முறைகளுக்கு நெகிழ் திரைகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 62715 தொடரைப் பின்பற்றினால் பிறர் முடிவுகளோடு ஒப்பிட வசதியாக இருக்கும்.

குத்துக்கு, பந்துமுனைப் பேனாவைக் குழாய் வழியே விடும் சோதனை எளிமையானது. உயரத்தைப் படிப்படியாகக் கூட்டி, உடையும் உயரத்தைக் குறியுங்கள். முழு அடுக்கின்மேல், கீழே உலோகத் தகட்டோடு செய்யுங்கள். தட்டைப் பகுதியிலும் மடிப்பிலும் தனித்தனியே. உரசலுக்கு நுண் எஃகு நார். உரசலுக்கு முன்னும் பின்னும் நீர்த்துளியின் தொடுகோணத்தை (துளி மேற்பரப்போடு சேரும் கோணத்தை) அளக்கவும்.

கண்ணாடியின் வலிமையைச் சராசரியாக எழுதாதீர்கள். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளிலும் ஒன்று உடையும் தகைவு மற்றதைவிட இருமடங்கு இருக்கலாம். குறைந்தது முப்பது துண்டுகளையேனும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நெருக்கி உடைத்து, வைபுல் பரவலில் (உடையும் வலிமை எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று காட்டும் புள்ளியியல் வளைவில்) பொருத்தி, அதன் கீழ்வாலை, அதாவது வலிமை மிகக் குறைந்த முனையை, பாருங்கள். லட்சம் தொலைபேசிகளில் எத்தனை திரும்பி வரும் என்பதைச் சொல்வது, பரவலின் அடியில் கிடக்கும் அந்த ஓரிரு பலவீனமான துண்டுகளே. சராசரியை உயர்த்துவதைவிடப் பரவலைக் குறுக்குவது அதிகப் பலன் தரும். அது பெரும்பாலும் விளிம்பு மழுக்கலிலும் கையாளுதலிலும் கிடைக்கிறது.

படி 9: உடைந்ததைப் படியுங்கள்

உடைந்த மாதிரியைக் குப்பையில் போடுவதற்கு முன் தோற்றுவாயைக் கண்டுபிடியுங்கள். கண்ணாடியின் முறிவுப் பரப்பில் விரிசல் தொடங்கிய இடத்தைச் சுற்றி முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வழுவழுப்பான ஒரு சிறு பகுதி இருக்கும். அதைத் தாண்டியதும் பரப்பு சொரசொரப்பாகும். அந்த வழுவழுப்பான பகுதி சிறிதாக இருக்குமளவு உடையும்போது தகைவு அதிகமாக இருந்தது என்று பொருள். அது விளிம்பில் இருந்தால் படி 4-இன் வெட்டு வரிசைக்குத் திரும்புங்கள். அடிப்பரப்பின் நடுவில், மடிப்புக் கோட்டில் இருந்தால் கையாளுதலைச் சந்தேகியுங்கள். மடிப்புக்கு வெளியே நட்சத்திரம்போல் விரிந்திருந்தால் அது குத்து. பசைத் தடிமனைக் குறைத்துப் பாருங்கள்.

பாலிமர் அடுக்கில் மடிப்புக்கு இணையாகக் குமிழ்கள் வரிசையாக எழும்பினால் பசையின் ஒட்டு போதவில்லை அல்லது ஓரத்தில் வாயு வெளியேறுகிறது. குமிழே இல்லாமல் தடம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போனால் பசை ஊர்கிறது அல்லது ஏதோ ஒரு படலம் 2 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. இரண்டில் எது என்று அறிய, அடுக்கைக் கவனமாகப் பிரித்துப் படலங்களைத் தனித்தனியே சமதளத்தில் வைத்து ஒரு நாள் விடுங்கள். படலம் வளைந்தே கிடந்தால் தவறு படலத்தில்: மெலிக்கவும் அல்லது ஆரத்தைக் கூட்டச் சொல்லிக் கீல் வடிவமைப்பவரிடம் பேசவும். படலங்கள் சமமாகிவிட்டால் தவறு பசையில். படி 3-க்குப் போய், குறுக்குப் பிணைப்பைச் சற்றே கூட்டி, 60 பாகை ஊர்வு அளவீட்டிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பசையையும் படலத்தையும் சேர்த்து மாற்றினால், தடம் குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது. அடுத்த திரை அளவு வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.